டெமோவுக்கும் பூட்டா? வீடியோ கேம் மாதிரிகளுக்குள் ஒளிந்து வரும் காப்பி தடுப்பு

ஓசியில் கொடுக்கும் கேம் மாதிரியைத் திருடப் போவது யார்? அதற்குள் ஏன் ஒரு பூட்டு? டெமோவை அழித்த பிறகும் அது ஏன் கம்ப்யூட்டரைவிட்டுப் போக மறுக்கிறது? சட்டம் என்ன சொல்கிறது?

காசிமேட்டில் மீன் வாங்கப் போகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விலை பேச மாட்டார்கள். சிவப்பாக இருந்தால் பேரம் தொடங்கும். வெளிறிப் போயிருந்தால் அடுத்த கூடை. பார்த்ததற்காக யாரும் காசு கேட்பதில்லை. வாங்காமல் போனாலும் "எங்கே, பையைக் காட்டு" என்று வீடு வரைக்கும் யாரும் பின்னால் வருவதில்லை.

வீடியோ கேம் உலகில் செவுளைத் தூக்கிப் பார்க்கும் வேலைக்குப் பெயர்தான் 'டெமோ'. முழு கேமில் ஒரு கட்டத்தையோ, முதல் அரை மணி நேரத்தையோ இலவசமாகக் கொடுப்பார்கள். பிடித்திருந்தால் வாங்கலாம். பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். நம் கம்ப்யூட்டரில் அந்த கேம் ஓடுமா என்பதையும் அதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் சில டெமோக்கள் தனியாக வருவதில்லை. முழு கேமுக்குப் போடும் காப்பி தடுப்பு மென்பொருளையும் கூடவே கூட்டிக்கொண்டு வருகின்றன. "டெமோ தானேப்பா, இதை எவன் திருடப் போறான்?" என்று எவருக்கும் தோன்றும். இந்தக் கேள்வி 2008-லேயே அமெரிக்க நீதிமன்றம் வரை போனது.

வடசென்னையில் டெமோ ஏன் பெரிய விஷயம்?

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் பல வீடுகளில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கிடையாது. இருப்பது ஒன்றுதான். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியதாக இருக்கும். இல்லையென்றால், 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்ததாக இருக்கும். கல்லூரி புராஜெக்ட், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், இ-சேவை வேலை, கேம் எல்லாமே அதில்தான். அது ஒரு நாள் மக்கர் பண்ணினால் விளையாட்டோடு வீட்டு வேலையும் நின்றுவிடும்.

டெமோ வீட்டுக்கு வந்து சேர்வதும் ஒரு காலத்தில் லேசான காரியமாக இல்லை. 2000-களில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு வரும் சிடியில்தான் பலர் முதல் டெமோவைப் பார்த்தார்கள். மத்திய அரசின் 2004-ம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கை, 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்றது. அந்த வேகத்தில் 2 ஜிபி டெமோ ஒன்றை இறக்க 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். ராத்திரி முழுக்க கம்ப்யூட்டரை ஓடவிட்டு இறக்கிய டெமோ, காலையில் "இந்த மென்பொருள் இருந்தால் ஓடமாட்டேன்" என்று அடம்பிடித்தால் எப்படி இருக்கும்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலையில் 1969-ல் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக உருவானது பர்மா பஜார். அங்கே திருட்டு சிடி புழங்கிய காலத்தில், பூட்டை உடைத்த கேம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது. நேர்மையாக டெமோவை இறக்கிப் பார்த்தவருக்குத்தான் பூட்டு வந்து சேர்ந்தது.

அந்தப் பூட்டு உள்ளே என்ன செய்கிறது?

காப்பி தடுப்பை மூன்று வகையாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

முதல் வகை, டிரைவர் பூட்டு. 'ஸ்டார்ஃபோர்ஸ்', 'சேஃப்டிஸ்க்' போன்றவை இப்படி வேலை செய்தவை. அசல் டிஸ்க்தானா என்று சோதிக்க, விண்டோஸின் அடித்தளத்திலேயே ஒரு டிரைவரை உட்கார வைக்கும். கிராஃபிக்ஸ் கார்டு டிரைவருக்குக் கிடைக்கும் அதே அதிகாரம் இதற்கும் கிடைத்துவிடும். அங்கே பிழை வந்தால் கேம் மட்டும் நிற்காது, கம்ப்யூட்டரே நின்றுபோகலாம். கேமை அன்இன்ஸ்டால் செய்தாலும் டிரைவர் தங்கிவிடும் என்பதுதான் பெரிய புகார். ஸ்டார்ஃபோர்ஸ் மீது எதிர்ப்பு வலுத்ததால் யூபிசாஃப்ட் நிறுவனம் 2006 ஏப்ரலில் அதைக் கைவிட்டது.

இரண்டாவது வகை, ஆக்டிவேஷன் பூட்டு. கேம் முதல் முறை ஓடும்போது இணையத்தில் போய் அனுமதி கேட்கும். எத்தனை முறை, எத்தனை கம்ப்யூட்டர் என்று கணக்கு வைக்கும். சோனி டிஏடிசி உருவாக்கிய 'செக்யூரோம்' இதற்குப் பேர்போனது. 'டீமன் டூல்ஸ்' போன்ற மென்பொருள் கம்ப்யூட்டரில் இருந்தாலே சில கேம்களை அது திறக்கவிடாது. 2007 ஆகஸ்டில் வந்த 'பயோஷாக்' கேமில் இது இருந்தது; அதன் டெமோவிலும் இருந்தது தெரிந்ததும் பிரச்சினை வெடித்தது.

மூன்றாவது வகை, இன்றைய 'டெனுவோ'. 2014-ல் 'ஃபிஃபா 15' மூலம் பரவலாகத் தெரியவந்தது. இது தனி டிரைவர் போடுவதில்லை. கேமின் நிரலுக்குள்ளேயே பின்னிக்கொண்டு, உடைக்க முயல்பவர்களைக் குழப்புகிறது. கூடவே இணையம் வழியாக அனுமதியும் வாங்குகிறது. டிரைவர் பூட்டைவிட இது மேல். ஆனால் நெட் வேண்டும், பிராசஸருக்கும் கொஞ்சம் கூடுதல் வேலை. 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' கேமில் சண்டைக் காட்சிகள் திக்கித் திக்கி ஓடுவதாகப் புகார் எழுந்தது. 2021 ஜூலையில் கேப்காம் நிறுவனம் தன் பாதுகாப்பு அம்சத்தைச் சரிசெய்து திருத்தம் வெளியிட்ட பிறகு அது குறைந்தது. புது கம்ப்யூட்டரில் இது சின்ன உறுத்தல். எட்டு வருஷத்துப் பழைய லேப்டாப்பில், ஓடுமா ஓடாதா என்பதையே இதுதான் தீர்மானிக்கலாம்.

வழக்கு வரை போன இலவச டெமோ

2008 ஜூனில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 'ஸ்போர்' கேமுக்கு முன்னோட்டமாக 'கிரியேச்சர் கிரியேட்டர்' என்ற சிறு மென்பொருளை வெளியிட்டது. விசித்திர உயிரினங்களை நாமே உருவாக்கலாம். அதன் இலவசப் பதிப்பில் மொத்த உறுப்புகளில் கால்வாசி மட்டும் கிடைக்கும். பிள்ளைகளும் ஆசையாக இறக்கிய டெமோ அது.

செப்டம்பரில் முழு கேம் வந்தது. செக்யூரோம் பூட்டு. மூன்று முறைக்கு மேல் ஆக்டிவேட் செய்ய முடியாது என்ற கட்டுப்பாடு. அமேசானில் ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் குவிந்தன. கட்டுப்பாட்டை ஐந்து முறை என்று நிறுவனம் தளர்த்தியது. வழக்குகளும் வந்தன. அவற்றில் ஒன்று முழு கேமைப் பற்றியதே அல்ல. இலவச கிரியேச்சர் கிரியேட்டர் டெமோவோடு, சொல்லாமல் கொள்ளாமல் செக்யூரோமையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள் என்பதுதான் அதன் குற்றச்சாட்டு.

இவ்வளவு செய்தும் திருட்டு நின்றதா? 'டோரன்ட்ஃபிரீக்' தளத்தின் கணக்குப்படி, 2008-ல் டோரன்ட்டில் அதிகம் இறக்கப்பட்ட கேமே ஸ்போர்தான். சுமார் 17 லட்சம் முறை.

நிறுவனங்கள் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. டெமோ என்பது முழு கேமின் குட்டிப் பிரதி. ஒரே எஞ்சின், பல நேரம் ஒரே நிரல். பூட்டில்லாத டெமோவை வெளியே விட்டால், உடைப்பவர்கள் அதைப் பிரித்து ஆராய்ந்து, பூட்டுப் போட்ட முழு கேமை எளிதாகத் திறந்துவிடுவார்கள் என்பது அவர்கள் பயம். ஒரு பெரிய கேமின் விற்பனையில் முதல் சில வாரங்கள்தான் முக்கியம். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. அந்த கேமில் வருடக்கணக்கில் உழைத்தவர்களின் சம்பளமும் அந்த விற்பனையில்தான் இருக்கிறது.

ஆனால் டெமோவில் போட்ட பூட்டே ஓட்டையாகவும் மாறலாம். 2016 ஆகஸ்டில் அது நடந்தது. 'டூம்' கேமின் இலவச டெமோவிலும் டெனுவோ இருந்தது. அந்த டெமோவுக்குக் கிடைக்கும் இணைய அனுமதியையே பயன்படுத்தி, டெனுவோ போட்ட வேறு கேம்களைத் திறக்க ஒருவர் வழி கண்டுபிடித்தார். சில நாட்களில் அந்த வழி அடைக்கப்பட்டது. டெமோவுக்குப் போட்ட பூட்டே மற்ற வீடுகளுக்குச் சாவியாகிவிட்ட கதை இது.

பூட்டு பழசானால் என்ன ஆகும்?

கேம் பழசானாலும் ஆட ஆள் இருக்கும். பூட்டைப் பராமரிக்கத்தான் ஆள் இருக்காது.

சேஃப்டிஸ்க் டிரைவர் விண்டோஸ் எக்ஸ்பி-யோடு சேர்ந்தே வந்தது. அதில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை 2007 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அடைக்க வேண்டியிருந்தது. காப்பியைத் தடுக்க வைத்த காவலாளியே திருடனுக்குக் கதவைத் திறந்துவிடும் நிலை. 2015-ல் வந்த விண்டோஸ் 10, இந்த டிரைவரை ஏற்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் விண்டோஸ் 7, 8 பதிப்புகளிலும் ஒரு அப்டேட் மூலம் அது முடக்கப்பட்டது. விளைவு, காசு கொடுத்து வாங்கிய பல அசல் டிஸ்க்குகள் ஓடாமல் போயின.

இணைய அனுமதிக்கும் இதே கதிதான். 2021 நவம்பரில் டெனுவோ பயன்படுத்திய ஒரு இணைய முகவரி காலாவதியானது. காசு கட்டியவர்களாலேயே சில மணி நேரம் பல கேம்களைத் திறக்க முடியவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கரண்டும் நெட்டும் நாள்கணக்கில் இல்லாமல் கிடந்த எண்ணூர், திருவொற்றியூர்வாசிகளுக்கு, எல்லாவற்றுக்கும் நெட் கேட்கும் பொருளின் அருமை நன்றாகவே தெரியும்.

பூட்டை உடைத்தால் குற்றமா?

பதிப்புரிமைச் சட்டம், 1957-ல் 2012-ம் ஆண்டு சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. 'உரிமையை மீறும் நோக்கத்தோடு' என்ற சொற்கள் முக்கியமானவை. சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத காரியத்துக்காகச் செய்வது, பயனரை அடையாளம் காணவோ கண்காணிக்கவோ வைத்த அம்சத்தைத் தவிர்ப்பது போன்றவற்றுக்கு இந்தப் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது.

அதற்காக 'கிராக்' செய்த கேமை ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவது 63பி பிரிவின் கீழ் தனிக் குற்றம். சட்டத்தைத் தாண்டி இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கிராக் ஃபைலோடு வைரஸ் வருவது புதிதல்ல. அதே கம்ப்யூட்டரில்தான் வீட்டு வங்கிக் கணக்கும் திறக்கப்படுகிறது.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் வரையறைப்படி, விலை கொடுத்து அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொண்டு வாங்குபவர்தான் நுகர்வோர். இலவச டெமோ இந்த வரையறைக்குள் எளிதில் அடங்காது. முழு கேமைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் கதை வேறு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

டெமோ போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

* 'ஸ்டீம்' தளத்தில் கேம் பக்கத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் பூட்டு இருந்தால் அங்கே குறிப்பிட்டிருப்பார்கள். டெமோவுக்குத் தனிக் குறிப்பு இல்லாவிட்டால், முழு கேமுக்கு உள்ளது டெமோவிலும் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

* இன்ஸ்டால் செய்யும் முன் விண்டோஸில் ஒரு 'ரீஸ்டோர் பாயின்ட்' உருவாக்குங்கள். ஏதாவது குளறுபடி ஆனால் பழைய நிலைக்குத் திரும்ப முயலலாம்.

* இன்ஸ்டால் முடிந்ததும் ரீஸ்டார்ட் கேட்டால் கொஞ்சம் உஷாராக இருங்கள். சும்மா பார்க்க வந்த டெமோவுக்கு அது அவசியமா என்று யோசியுங்கள். டிரைவர் ஏதாவது ஏறியிருக்கலாம்.

* டெமோவை அழித்த பிறகு 'சர்வீசஸ்' பட்டியலையும் 'டிவைஸ் மேனேஜரை'யும் ஒரு முறை திறந்து பாருங்கள். பெயர் தெரியாத ஒன்று இருந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். என்னவென்று தேடித் தெரிந்துகொண்டு, அந்த நிறுவனமே கொடுக்கும் நீக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

* ஸ்டீமில் வாங்கிய கேமை 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். டெமோ இல்லாத கேமுக்கு இதுவே ஒரு வகை டெமோ. 'ஜிஓஜி' தளத்தில் வாங்கும் கேம்களை, காப்பி தடுப்புப் பூட்டு இல்லாமலே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

பெரிய நிறுவனங்களின் புதிய கேம்கள் இன்று 3,000 ரூபாயைத் தாண்டிவிட்டன. அவ்வளவு பணம் போடும் முன் சோதித்துப் பார்க்க நினைப்பதில் தப்பில்லை. பூட்டே போடாதே என்று நிறுவனங்களிடம் கேட்பது நடக்கிற காரியமாக இல்லாமல் போகலாம். ஆனால் என்ன பூட்டு, கம்ப்யூட்டரில் எதைத் தொடும் என்பதை டவுன்லோடு பட்டனுக்கு மேலேயே சொல்லிவிட்டு, டெமோவை அழிக்கும்போது அதையும் எடுத்துக்கொண்டு போகலாமே? கேட்பவர்கள் கேட்பது அவ்வளவுதான்.