சொல்லத் துணியும் குழந்தை

அன்னாசிக்கும் செம்பனைக்கும், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய் முனைக்கும் பெயர்பெற்ற, ஜொகூர் மாநிலத்துப் பொந்தியான் மாவட்டத்திலிருந்து, 1998-இல் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலத்தின் வழியாகச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் தாய் தந்தையர், பொழுது புலருமுன் புறப்பட்டு, விளக்கு வைத்த பிறகே வீடு திரும்புகிறார்கள். இடைப்பட்ட நேரத்தில், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு ஒரு துணை பாட்டி. மற்றொரு துணை, பாட்டியின் பார்வைக்கு எட்டாத கைப்பேசி. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் அடைக்கப்பட்டுப் பாடங்கள் இயங்கலைக்கு மாறியபோது, கடன்பட்டேனும் பல குடும்பங்கள் வாங்கிக் கொடுத்த கருவி அது. கல்வியை முன்னிட்டு வீட்டுக்குள் வந்தது, பள்ளிகள் திறந்த பிறகும் பிள்ளையின் கையை விட்டு அகலவில்லை.

இதுபற்றிப் பெற்றோர் கொள்ளும் கவலை வெறும் பிரமையன்று. யுனிசெப், எக்பாட், இன்டர்போல் ஆகிய மூன்று ஸ்தாபனங்களும் சேர்ந்து மலேசியாவில் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இணையத்தைப் பயன்படுத்தும் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 4 பேரேனும் ஓராண்டுக்குள் இயங்கலை வழியாகப் பாலியல் சுரண்டலுக்கோ துன்புறுத்தலுக்கோ ஆளாயினர் என்று தெரியவந்தது. நாடு முழுமைக்கும் கணக்கிட்டால் அது ஏறத்தாழ ஒரு லட்சம் பிள்ளைகள். வாய் திறந்து சொல்லத் துணிந்தவர்களை மட்டுமே கொண்ட கணக்கு இது என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் ஜொகூர் மாநிலத்திலேயே, பொந்தியானுக்கு அருகிலுள்ள கூலாயில், 2025 ஏப்ரல் மாதம் 16 வயது மாணவன் ஒருவன் கைது செய்யப்பட்டான். மாணவியர் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் இட்டிருந்த சாதாரணப் படங்களை எடுத்து, செயற்கை நுண்ணறிவின் உதவியால் அவற்றை ஆபாசப் படங்களாக மாற்றி, ஒன்று 2 ரிங்கிட் என்று விற்றதாக அவன்மீது புகார். இந்தச் சம்பவம் என்னை வெகுவாகக் கலங்கச் செய்தது. அந்தப் பெண்களிடம் ஒரு தவறும் இல்லை. பள்ளிச் சீருடையிலோ பண்டிகை உடையிலோ எடுத்த ஒரு படமே இத்தகைய அவமானத்துக்குப் போதுமானதாகிவிட்டது. அதைவிட வேதனை தருவது, குற்றம் சாட்டப்பட்டவனும் ஒரு பள்ளிப் பிள்ளை என்பது. ஜாக்கிரதையாக இரு என்று மகளுக்கு ஆயிரம் முறை சொல்லும் நாம், பிறர் படத்தைத் தொடாதே, பிறர் மானத்தை விளையாட்டாக்காதே என்று மகனுக்கு ஒரு முறையேனும் சொல்லியிருக்கிறோமா?

அந்நியர்களால் வரும் அபாயம் வேறு விதமானது. அவர்கள் பயமுறுத்திக்கொண்டு வருவதில்லை, பாராட்டிக்கொண்டு வருகிறார்கள். விளையாட்டுச் செயலி ஒன்றில் சமவயதுப் பிள்ளைபோல் அறிமுகமாகி, ஆட்டத்துக்கு வேண்டிய நாணயங்களைப் பரிசாக அளித்து, வீட்டில் யாரும் உன்னைப் புரிந்துகொள்வதில்லை என்று அனுதாபம் காட்டி, பிறகு பலர் பார்க்கும் இடத்திலிருந்து புலனம் (வாட்ஸ்அப்) போன்ற அந்தரங்கமான இடத்துக்குப் பேச்சை நகர்த்தி, இது நம் இருவருக்குள் இருக்கட்டும் என்ற ஒரு சிறு ரகசியத்தை முதலில் உண்டாக்கிக்கொள்கிறார்கள். அந்த ரகசியந்தான் தூண்டில். அதன்பின் ஒரு படம் கேட்கப்படுகிறது. அனுப்பிய மறுகணமே, பணம் கொடு, அல்லது இன்னும் அனுப்பு, இல்லையேல் உன் பெற்றோருக்குக் காட்டுவேன் என்ற மிரட்டல் ஆரம்பமாகிறது.

இக்குற்றத்தைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. கோலாலம்பூரில் ஏழைக் குழந்தைகள் பலரைச் சீரழித்த ரிச்சர்ட் ஹக்கிள் என்ற பிரிட்டிஷ்காரனுக்கு 2016-இல் லண்டன் நீதிமன்றம் ஆயுள் தண்டனைகள் விதித்த பிறகு, நம் நாட்டில் எழுந்த கொதிப்பின் நடுவே, சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017-இல் நிறைவேறியது. பிள்ளையைத் தகாத நோக்கத்தோடு பேசி வசப்படுத்துவதே, நேரில் சந்திக்காவிட்டாலும், அதன்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 2026 ஜனவரி 1 முதல் இயங்கலைப் பாதுகாப்புச் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற முடிவையும் தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் 2025 நவம்பரில் அறிவித்தார். இவற்றை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் இயங்கலைப் பாதுகாப்புச் சட்டம் தனிப்பட்ட மடல்களுக்குள் புகுவதில்லை, வஞ்சகனோ பிள்ளையை அழைத்துச் செல்வது அந்தத் தனி மடலுக்குத்தான். பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் திறக்கும் வித்தையும் எட்டு வயதுப் பிள்ளைக்கே தெரிந்திருக்கிறது.

ஆகவே, பிள்ளை தானாக வந்து சொல்வதைப்போன்ற பாதுகாப்பு வேறொன்றும் இல்லை என்பதே என் அபிப்பிராயம். பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை? வெட்கம் ஒரு காரணம். சொன்னால் ஏச்சு விழும், கைப்பேசியும் பறிபோகும் என்ற நிச்சயம் மற்றொரு காரணம். வஞ்சகனுக்கு இது நன்றாகத் தெரியும். நம் கோபத்தையே அவன் தன் ஆயுதமாகப் பிரயோகிக்கிறான். என்ன நடந்திருந்தாலும் அம்மாவிடம் சொல், உன்னை ஏச மாட்டேன், கைப்பேசியைப் பிடுங்கவும் மாட்டேன் என்று முன்கூட்டியே வாக்களித்து, சிறு விஷயங்களில் அவ்வாக்கைக் காப்பாற்றியும் காட்டிய தாயிடமே, பெரிய விஷயம் நேரும்போது பிள்ளை வரும்.

அத்தகைய பேச்சு அன்றாடப் பழக்கத்தில் வளர வேண்டியது. வேலை முடிந்து வந்ததும், இன்று என்ன விளையாடினாய், யாரோடு விளையாடினாய், எனக்கும் காட்டு என்று அருகில் உட்காரும் தகப்பனார், எந்தப் பூட்டுச் செயலியும் சொல்லாதவற்றைத் தெரிந்துகொள்வார். ஒரு காணொளி முடிந்தவுடனே அடுத்தது தானாக ஓடத் தொடங்குவதும், கீழே தள்ளத் தள்ள முடிவே வராததும், பார்ப்பவர் எழுந்து போகாதிருக்கும்பொருட்டுத் திட்டமிட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடுகள். ஆதலால் நிறுத்தத் தெரியவில்லையே என்று பிள்ளையை மட்டும் குறைசொல்வது நியாயமன்று. தானாக ஓடுவதை அமைப்பில் நிறுத்திவைக்கலாம். இரவில் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளையும், பெற்றோருடையதையும் சேர்த்து, படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றம் செய்வது நித்திரைக்கும் நல்லது; அந்நியர் உரையாட விரும்பும் நள்ளிரவு நேரமும் அவர்களுக்குக் கிட்டாமல் போகும். சின்னஞ்சிறு மழலைகளைப் பொறுத்தவரை, 2 முதல் 4 வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்கு அறவே கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

தீங்கு நேர்ந்தே விட்டால், மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் மேலும் கேட்பான். உரையாடலையும் அவனுடைய கணக்குப் பெயரையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு போலீசில் புகார் செய்யுங்கள். தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசிச் சேவையின் 15999 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம். பிள்ளையின் படத்தை ஆலோசனை கேட்பதற்காகக்கூட உறவினர் குழுவுக்கு அனுப்பாதீர்கள்; சிறாரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது சட்டப்படி குற்றம். அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் ‘டேக் இட் டவுன்’ சேவை, படத்தை வாங்கிக்கொள்ளாமலேயே, நம் கருவியில் அதன் எண்ணடையாளம் ஒன்றை மட்டும் உருவாக்கிப் பெற்று, இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்களில் அப்படத்தைத் தேடி அகற்றச் செய்கிறது; எனினும் மறையாக்கம் செய்யப்பட்ட புலன மடல்களில் அது செல்லாது என்பதால், போலீஸ் புகார் இன்றியமையாதது. புகார் கொடுக்கும்போது தாயோ தந்தையோ பிள்ளையின் பக்கத்திலேயே இருப்பதும், விசாரணை முடியும்வரையிலும் அதன் பின்னரும், “நீ ஏன் அனுப்பினாய்?” என்ற கேள்வியை வீட்டில் ஒருவரும் கேளாதிருப்பதும், புகாரைப் போலவே அவசியமானவை.