கோணற்கால் கோமகன்

கால்கள் இரண்டும் கோணல். வலக்கால் உள்நோக்கி வளைந்தது; இடக்கால் வெளிநோக்கி வளைந்தது. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து, காற்றில் வளைந்த நாணற்புல் போல் நின்றன. ஒரு கால் மற்றதைவிடக் குட்டை, முதுகெலும்பும் நேரில்லை. இப்படி ஒரு பிள்ளை நம் தெருவில் பிறந்தால், பார்ப்பவர் பரிதாபப்படுவர், பெற்றவள் கண்ணீர் விடுவாள், பெரியவர்கள் தலைவிதி என்பர். பிரேசில் நாட்டில் பிறந்த அந்தப் பிள்ளை, அந்தக் கால்களைக் கொண்டே இரண்டு முறை உலகக் கோப்பையை வென்று வந்தான்!

கரிஞ்சா! மனுவேல் பிரான்சிஸ்கோ டோஸ் சாண்டோஸ் என்பது முழுப் பெயர். கரிஞ்சா என்பது அக்காள் அழைத்த பெயர். சின்னஞ்சிறு குருவி ஒன்றுக்கு அந்த நாட்டில் வழங்கும் பெயர் அது. அவன், இவன் என்று எழுதுகிறோமே என்று யாரும் கோபிக்க வேண்டாம். வீட்டுப் பிள்ளையை அவர், இவர் என்றா அழைப்போம்?

1933 அக்டோபரில், ரியோ டி ஜெனிரோவை அடுத்த பாவ் கிராண்டே என்ற ஆலையூரில் பிறந்தான். ஆலையூர் என்றால் எப்படி? குடியிருக்கும் வீடு ஆலை முதலாளியுடையது, பிள்ளை படிக்கும் பள்ளி முதலாளியுடையது, பந்தாடும் திடலும் முதலாளியுடையது. 14 வயதில் அந்தத் துணியாலைக்குள் நுழைந்தான் நம் குருவி. வேலையில் சூரன் என்று சொல்ல மாட்டோம். சோம்பேறி என்றுதான் மேற்பார்வையாளர்கள் எழுதி வைத்தனர். ஆலையின் பந்தாட்டக் குழுவுக்கு அவன் தேவைப்பட்டான். அதனால் வேலையும் நிலைத்தது.

அவன் முன்னோரில் பழங்குடி மக்களும் உண்டு, கறுப்பின அடிமைகளும் உண்டு. அமெரிக்கக் கண்டத்திலேயே கடைசியாக அடிமை முறையை ஒழித்த நாடு பிரேசில், ஆண்டு 1888. சட்டம் ஒழித்தது, சமுதாயம் ஒழித்ததா? 1923ல் கறுப்பர்களையும் கூலிக்காரர்களையும் கொண்ட வாஸ்கோ ட காமா கழகம் ரியோ நகரக் கோப்பையை வென்றபோது, சீமான்களின் கழகங்கள் மறு ஆண்டே தனிச் சங்கம் கண்டன. 12 ஆட்டக்காரர்களை விலக்கினால்தான் சேர்ப்போம் என்றன. வாஸ்கோ மறுத்தது. விலக்கச் சொன்ன அந்தச் சங்கத்தில் இருந்த கழகங்களில் ஒன்று பொட்டாஃபோகோ. 30 ஆண்டுகள் கழித்து, அதே பொட்டாஃபோகோ ஓர் ஆலைக்காரப் பையனின் கோணற்காலைத் தன் கொடிமரமாக்கிக் கொண்டது!

1953ல் நடந்தது அது. தேர்வுக்கு வந்தவனைத் தடுக்க, நாட்டின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரான நில்டன் சாண்டோசையே எதிரில் நிறுத்தினர். பையன் ஏய்த்துச் சென்றான். ஏமாந்தவர் கோபம் கொள்ளவில்லை. இவனை உடனே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கழகத்தாரிடம் சொன்னார். பெரிய மனம்!

அவன் வித்தைதான் என்ன? ஒன்றே ஒன்று! வலது ஓரத்தில் பந்துடன் நிற்பான். எதிரி வருவான். இடப்புறம் உடலைச் சாய்ப்பான். எதிரி அப்பக்கம் சாய்வான். இவனோ வலப்புறம் பறந்துவிடுவான். மறுமுறையும் அதையேதான் செய்வான். அதையேதான் செய்யப்போகிறான் என்று எதிரிக்கும் தெரியும், திடலில் இருப்போர் அனைவருக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாது! மெக்சிகோ நகரில் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் குழுவுக்கு எதிராக ஆடியபோது, அவன் ஏய்க்கும் ஒவ்வொரு முறையும் மக்கள், காளைச் சண்டையில் எழுப்பும் 'ஓலே' முழக்கத்தை எழுப்பினராம்.

இனி, தகுதியும் திறமையும் பேசுவோர் காது கொடுத்துக் கேட்க வேண்டிய கட்டம். 1950ல் சொந்த மண்ணில், மரக்கானா திடலில், உருகுவே நாட்டிடம் பிரேசில் தோற்றது. பழி யார் தலையில்? கோல் காத்த பார்போசா, தடுத்தாடிய பிகோட் — கறுப்பர்களின் தலையில்! கறுப்பருக்கு நெஞ்சுறுதி கிடையாது என்ற பேச்சு நாட்டில் உலவியது. 1958ல் சுவீடனுக்குப் புறப்படுமுன், ஆட்டக்காரர்களின் மனத்தை அளக்க ஜோவோ கார்வால்யேஸ் என்ற உளநூலார் அமர்த்தப்பட்டார். தாளும் எழுதுகோலும் கொடுத்தார், கோடு போடச் சொன்னார், மதிப்பெண் இட்டார். கரிஞ்சா தேறவில்லை. 17 வயதுப் பெலேயும் தேறவில்லை. சிறுபிள்ளைத்தனம் என்று எழுதினார். பள்ளி வாசலைச் சரியாகப் பார்க்காத ஆலைத் தொழிலாளியைத் தாளில் அளந்தால் வேறென்ன கிடைக்கும்? அளவுகோலைக் கையில் வைத்திருப்பவனே அளவையும் விதிக்கிறான். குட்டையென்றும் அவனே தீர்ப்பளிக்கிறான். இந்தக் கதை நமக்குப் புதிதா?

முதல் இரண்டு ஆட்டங்களில் கரிஞ்சாவை இறக்கவில்லை. பயண வழியில் இத்தாலியின் ஃபியோரன்டினா குழுவுடன் ஆடியபோது, கோல்காப்பவரையும் ஏய்த்த பிறகு, காலியான வலைக்குள் பந்தைத் தள்ளாமல் நின்று, ஓடிவந்த இன்னொருவனையும் ஏய்த்துவிட்டுக் கோல் போட்டான். பொறுப்பில்லாதவன் என்று பெயர் வந்ததற்கு அதுவும் காரணம். (பொறுப்பில்லைதான்; ஆனாலும் அதைக் காண நாம் அங்கில்லையே!) மூன்றாவது ஆட்டம் ஜூன் 15, சோவியத் நாட்டுக்கு எதிராக. பயிற்சியாளர் ஃபியோலா, உளநூலாரின் தாளை ஒதுக்கி வைத்து இருவரையும் இறக்கினார். முதல் நிமிடத்திலேயே கரிஞ்சா அடித்த பந்து கம்பத்தைத் தாக்கியது. அடுத்துப் பெலே அடித்ததும் கம்பத்தைத் தாக்கியது. மூன்றாம் நிமிடத்தில் வாவா கோல் போட்டார். அந்த மூன்று நிமிடங்களைத்தான் உலகம் இன்றும் பேசுகிறது. இறுதி ஆட்டத்தில் சுவீடன் முதல் கோலைப் போட்டது. கரிஞ்சா வலது ஓரத்தில் இருமுறை பாய்ந்து பந்தைக் குறுக்கே தள்ளினான். வாவா இருமுறை வலைக்குள் தள்ளினார். முடிவில் 5–2. தேறாத இருவரும் வாகை சூடித் திரும்பினர்.

1962ல் சிலி நாட்டில், இரண்டாம் ஆட்டத்திலேயே பெலே காயம்பட்டு விலகினார். பாரம் முழுதும் கோணற்கால்களின் மேல் விழுந்தது. இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல், சிலிக்கு எதிராக இரண்டு கோல். சிலி ஆட்டத்தில், தொடர்ந்து உதை வாங்கியவன் திருப்பி உதைத்தான், வெளியேற்றப்பட்டான். ஆயினும் தண்டனைக் குழு தடை விதிக்கவில்லை. பிரேசில் அரசே பரிந்து பேசியதும், சாட்சி சொல்ல வேண்டிய எல்லைக்கோட்டு நடுவர் ஊரைவிட்டே போய்விட்டதும் நேர்மையான கதையல்ல என்பதை மறைக்க மாட்டோம். காய்ச்சலோடு இறுதி ஆட்டம் ஆடினான். செக்கோஸ்லோவாக்கியா 3–1 என்று தோற்றது. பெலேயும் அவனும் சேர்ந்து ஆடிய ஆட்டங்களில் பிரேசில் ஒன்றில்கூடத் தோற்றதில்லை. அவன் இருந்து பிரேசில் தோற்றது ஒரே ஆட்டம், 1966ல் ஹங்கேரியிடம். நாட்டுக்காக அவன் ஆடிய கடைசி ஆட்டமும் அதுவே.

ஊர் கொண்டாடிற்று, உலகம் கொண்டாடிற்று. கூலி? எழுதாத வெற்று ஒப்பந்தத் தாளில் கையொப்பமிட்டுக் கொடுப்பான். தொகையைக் கழகத்தார் பிறகு நிரப்பிக்கொள்வர். நம்பினான், அவ்வளவுதான். நம் நாட்டில் படிப்பறியாத பண்ணையாள் கைநாட்டு வைத்த பத்திரங்களை எண்ணிப் பாருங்கள், புரியும். வெளிநாட்டுப் பயணங்களில் கரிஞ்சா ஆடினால் ஒரு விலை, ஆடாவிட்டால் குறைந்த விலை. ஆகவே முழங்கால் தேய்ந்து வீங்கியபோதும் ஊசி போட்டு இறக்கினர். 1964ல் கத்தி வைத்தார்கள். 1966ல், பயன் தீர்ந்தபின், சாவோ பாலோவின் கொரிந்தியன்ஸ் கழகத்துக்கு விற்றார்கள்.

விற்றார்கள் என்பது நாம் அலங்காரத்துக்குச் சேர்த்த சொல்லன்று. ஒப்பந்தக் காலம் முடிந்தபின்னும் ஆட்டக்காரன்மேல் உரிமை கழகத்துக்கே என்ற முறை அங்கே நிலவியது. அவன் வேறு கழகம் போக வேண்டுமானால், புதிய கழகம் பழைய கழகத்துக்கு விலை தர வேண்டும். அந்த முறைக்கு முடிவு கட்டிய சட்டம் வந்தது 1998ல். விளையாட்டு அமைச்சராயிருந்த பெலே முன்னின்று கொணர்ந்தது, அவர் பெயராலேயே வழங்குவது. உடனாடிய தோழனுக்கு அது உதவவில்லை. அவன் மாண்டு 15 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

முதலாளிகளை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிட நம் மனம் ஒப்பவில்லை. அவனிடமும் குற்றம் உண்டு. குடித்தான், இளமையிலேயே குடித்தான், புகழிலும் குடித்தான், வறுமையிலும் குடித்தான். எட்டுப் பெண் குழந்தைகளைப் பெற்ற மனைவியை விட்டு, எல்சா சோரெஸ் என்ற பாடகியுடன் வாழ்ந்தான். சலவைத் தொழில் செய்த தாயின் மகள், கறுப்பினப் பெண், தன் குரலால் உயர்ந்தவர் எல்சா. விட்டுச் சென்றவன் கரிஞ்சா, ஏச்சோ எல்சாவுக்கு! குடும்பத்தைக் கெடுத்தவள் என்று நாடே தூற்றியது. அந்த அம்மையாரோ மதுக்கடைகளில் நேரில் சென்று, அவனுக்கு ஊற்றாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாராம். 1969ல் கரிஞ்சா ஓட்டிச் சென்ற கார் விபத்துக்குள்ளாகி எல்சாவின் தாய் உயிரிழந்தார். பிற்பாடு எல்சாவையே அடித்தான், அவர் பிரிந்தார். கோல் கணக்கை எழுதும் கையால் இதையும் எழுதத்தான் வேண்டும்.

1973 டிசம்பரில் அவனுக்கு நிதி திரட்ட மரக்கானாவில் ஆட்டம் வைத்தனர். 1,30,000 பேருக்கு மேல் திரண்டனர். மக்கள் மறக்கவில்லை. 1980ல் கார்னிவல் விழாவில், மங்கெய்ரா குழுவினரின் அலங்கார ஊர்தியில் அவனை உட்காரவைத்து ஊர்வலம் விட்டனர். ஆடலும் பாடலும் அமளிப்பட்ட அந்த இரவில், மருந்தின் மயக்கத்தில், யார் கையசைக்கிறார்கள் என்றும் அறியாமல் அமர்ந்திருந்தான், ஒரு காலத்தில் அந்நாட்டையே சிரிக்க வைத்தவன்.

1983 ஜனவரி 20ஆம் நாள், ரியோவில் ஒரு மருத்துவமனையில், குடியால் சிதைந்த உடலோடு இறந்தான். வயது 49. உடலை மரக்கானாவில் வைத்தனர். பிறகு தீயணைப்பு வண்டியில் ஏற்றி, பிறந்த ஊருக்குக் கொண்டு சென்றனர், வழிநெடுக மக்கள். எல்சா சோரெஸ் 2022ல் மறைந்தார். அதுவும் ஜனவரி 20.

தலைநகர் பிரேசிலியாவில், 2014 உலகக் கோப்பைக்கெனப் பெரும்பணம் கொட்டித் திருப்பிக் கட்டிய, ஏறத்தாழ 70,000 பேர் அமரும் திடலுக்கு அவன் பெயர்தான். பாவ் கிராண்டேக்குப் பக்கத்து இடுகாட்டிலும் அவன் பெயர் இருக்கிறது, ஓரிடத்தில் அன்று, ஈரிடத்தில். அவன் எலும்புகள் இரண்டில் எதில் உள்ளன, இருக்கின்றனவா, எடுத்து வேறெங்கேனும் போட்டுவிட்டார்களா என்று 2017ல் கேட்டபோது, இடுகாட்டைப் பார்த்துக்கொள்பவர்களிடம் அதற்கான பதிவேடு இல்லை.