பனையோலைக் காற்றாடி: காட்சிசாலைக்கு ஏற்ற விளையாட்டுப் பொருள்

விஞ்ஞானக் காட்சிசாலையைக் கண்டு திரும்பும் சிறுவர்கள், வாயிலிலுள்ள விற்பனை நிலையத்தில் விளையாட்டுப் பொருள் ஏதேனும் வாங்க விரும்புவது இயல்பு. அப்பொருள், உள்ளே கண்ட தத்துவம் ஒன்றைக் கையில் விளங்கச் செய்வதாகவும், உடைந்த பின் மண்ணில் மக்கிப் போவதாகவும் இருத்தல் வேண்டும். பனையோலைக் காற்றாடியில் இவ்விரு குணங்களும் அமைந்துள்ளன.

கேரளத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்துள்ள நல்லேப்பிள்ளி இதற்குத் தக்க இடமாகும். அவ்வட்டாரத்தில் வயல் வரப்புகளில் பனைகள் நிற்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே பலத்த காற்று வீசுகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டதும் இக்காற்றைக் கருதியே.

செய்முறை

குருத்தோலையை மிகுதியாக வெட்டினால் மரம் நலியும்; ஆதலால் விரிந்த ஓலையே ஏற்றது. அதனை நீரில் வேகவைத்து நிழலில் உலர்த்தினால் எளிதில் பூசணம் பிடிக்காது. சுவடி எழுதுவோரும் ஓலையை இவ்வாறே பதப்படுத்தினர். நறுக்கிய ஓலைத் துண்டின் நடுவே துளையிட்டு, இரு முனைகளையும் எதிரெதிராகச் சாய்த்தல் வேண்டும். காற்று ஒரு முனையை மேலும் மற்றதைக் கீழும் தள்ளுவதால் ஓலை சுழல்கிறது. இரண்டையும் ஒரே பக்கம் சாய்த்தால் சுழலாது. இச்சோதனையை மாணவர்களே செய்து பார்க்கலாம். துளை இறுகியிருந்தால் உராய்வு மிகும். அகன்றிருந்தால் ஓலை தள்ளாடும்.

பாதுகாப்பு

கிராமச் சிறுவர் அச்சாகக் கருவேல முள்ளைச் செருகுவது வழக்கம். விற்பனைக்கு அது உதவாது. முனை மழுக்கிய ஈர்க்கை அச்சாக்கி, இருபுறமும் பனைநாரால் முடிச்சிடலாம். பிடிக்குப் பனைமட்டையைச் சீவும்போது அதன் கருக்கை முற்றிலும் நீக்குதல் அவசியம். சாயத்திற்கு மஞ்சளும் பதிமுகமும் உண்டு. மஞ்சள் வெயிலில் வெளிறும். ஆயினும் ஈயம் கலந்த வர்ணத்தைவிட அது மேலானது. இந்தியத் தர அளவு ஐ.எஸ். 9873-இன்படி, மூன்று வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப் பொருளில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் அடங்கும் சிறு பகுதிகள் இருத்தலாகாது. ஆகவே இக்காற்றாடியை மூன்று வயது கடந்தோருக்கே உரியதெனக் குறித்தல் வேண்டும்.

பனையின் பயன் குறையுமிடத்தில் அது கோடரிக்கு இரையாகிறது. தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவையென 2021-இல் அறிவிக்கப்பட்டது. சட்டம் மரத்தைக் காப்பது ஒரு வழி. ஓலைக்கு விலை கிடைக்கச் செய்வது மற்றொரு வழி. ஓலை முடையத் தெரிந்த முதியோரைக் கள ஊழியர்கள் கண்டறிந்து பள்ளிகளுக்கு அழைத்துவரின், அக்கைத்தொழில் அடுத்த தலைமுறைக்கும் எட்டும்.