ஆய்வாளருக்குப் பணம் கொடுப்பது யார்?

கராச்சியின் பல்தியா பகுதியில் இருந்த அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலையில் 2012 செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பணம் பறிக்கும் கும்பல் வைத்த தீ என்று பாகிஸ்தான் நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. தீயை யார் வைத்திருந்தாலும், அத்தனை பேர் தப்பமுடியாமல் போனதற்குக் காரணம் சன்னல்களில் இருந்த கம்பிகளும் கதவுகளில் இருந்த பூட்டுகளும்தான். தொழிலாளர் பாதுகாப்புக்கு உறுதி சொல்லும் எஸ்.ஏ.8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் அந்த ஆலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கிடைத்திருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். முந்தைய நாளே விரிசல் கண்டு, கீழ்த்தளங்களில் இருந்த வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். மேல்தளங்களில் துணி தைத்தவர்களை மட்டும், வராவிட்டால் சம்பளம் இல்லை என்று மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். அங்கே இயங்கிய ஆலைகளில் சிலவும் ஆடிட், அதாவது வெளி ஆய்வாளர்கள் வந்து செய்யும் சோதனை, முடித்தவையே.

இதை ஆய்வாளர்களின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. ஆடிட்டுக்குப் பணம் தருவது பெரும்பாலும் ஆலை முதலாளியோ, ஆர்டர் கொடுக்கும் பிராண்டோதான். அறிக்கை அவர்களுக்குள்ளேயே இருந்துவிடுகிறது. யாருடைய உயிரைப் பற்றியதோ அந்தத் தொழிலாளியின் கைக்கு அது வருவதில்லை. அதே பிராண்டின் கொள்முதல் பிரிவு இன்னொரு பக்கம் விலையைக் குறைக்கவும் நாளைச் சுருக்கவும் நெருக்குகிறது. அந்த நெருக்கடி கடைசியில் ஓவர்டைமாகவும் பூட்டிய கதவாகவும் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருப்பவர் மீது இறங்குகிறது. 2020-இல் கொரோனா வந்ததும், தைத்து முடித்த துணிக்குக்கூடப் பணம் தராமல் பல பிராண்டுகள் பங்களாதேஷ் ஆர்டர்களை ரத்து செய்தன. நெறிமுறைகளை அச்சிட்டு வைத்திருந்த நிறுவனங்களும் அவற்றில் இருந்தன.

ராணா பிளாசாவுக்குப் பிறகு, 2013 மே மாதத்தில் உருவான பங்களாதேஷ் அக்கார்டு வேறு வழியில் போனது. உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளோடு 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகள் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சுதந்திரமான பொறியாளர்கள் 1,600-க்கும் மேற்பட்ட ஆலைகளைச் சோதித்தார்கள். அறிக்கைகள் பொதுவெளியில் வந்தன. ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது. பழுதுபார்க்கும் செலவுக்கு வழி செய்யும் பொறுப்பு பிராண்டுக்கு வந்தது. வாக்கை மீறியதாகச் சங்கங்கள் தி ஹேக் நகரின் நடுவர் மன்றம் வரை போனபோது, ஒரு பிராண்டு 2018-இல் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆடிட் சான்றிதழை நம்பி எந்தத் தொழிலாளியும் இப்படி ஒரு மன்றத்தின் படியேற முடியாது.

இப்படிக் கெடுபிடி செய்தால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும், ஏழைகள்தான் வேலை இழப்பார்கள் என்பது வலுவான மறுப்பு. இந்த அச்சம் நியாயமானது. பங்களாதேஷில் சுமார் 40 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள், இத்தொழிலால் வாழ்கிறார்கள். ஆனால் அக்கார்டு வந்த பிறகும் அந்த நாடு ஆடை ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்றாகவே நீடித்தது. இந்த வேலையாவது கிடைத்ததே, அவர்கள் விரும்பித்தானே வருகிறார்கள் என்றும் சிலர் கேட்கிறார்கள். விரிசலைக் கண்ணால் பார்த்தும், மாதச் சம்பளம் போய்விடுமே என்று படியேறியவரின் செயலைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. இத்தகைய ஆலைகளில் தைக்கும் துணிகளைப் புறக்கணிப்பதும் தீர்வல்ல. அது அவருடைய கூலியைத்தான் முதலில் பறிக்கும்.

அக்கார்டு போல பிராண்டைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்குத் தமிழ்நாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. திண்டுக்கல் மாவட்ட ஏற்றுமதி ஆலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டபின், பெண் தொழிலாளர்கள் பாலியல் தொல்லைகளை வெளியே சொல்லத் தொடங்கினார்கள். தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், 2022-இல் ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் திண்டுக்கல் ஒப்பந்தம் எனப்படும் உடன்பாட்டைச் செய்துகொண்டது. சங்கம் பயிற்சி கொடுத்த பெண்களே தையல் தளத்தில் கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகும் ஆய்வாளரிடம் எந்தப் பெண் சூப்பர்வைசரைப் பற்றி வாய் திறப்பாள்? பக்கத்து மெஷினில் இருக்கும் தோழியிடம் சொல்வாள்.

அக்கார்டில் கையெழுத்திட்ட பிராண்டுகளின் பட்டியல் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. நீங்கள் வாங்கும் பிராண்டின் பெயர் அதில் இல்லையென்றால், ஏன் இல்லை என்று அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்.