ஆன்லைன்ல ஆர்டர் வரலையா? அவலாஞ்சி மழை மாசத்துல மனசு விட்டுடாதீங்க!

ஊட்டி:

2019-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந்தேதி. நீலகிரி மாவட்டம் அவலாஞ்சியில் ஒரே நாளில் பதிவான மழை 82 சென்டி மீட்டர். மறுநாள் அதையும் தூக்கி சாப்பிட்டு 91 சென்டி மீட்டர். சென்னையில் வருஷம் முழுக்க கொட்டுகிற சராசரி மழையே சுமார் 140 சென்டி மீட்டர்தான். அடேங்கப்பா, அதை இரண்டே நாளில் தாண்டி விட்டது அவலாஞ்சி!

ரோடு துண்டிப்பு, மரம் விழுந்து கரண்ட் கட், செல்போனில் சிக்னல் இல்லை. அப்படிப்பட்ட நாளில் யார் ஆர்டர் எடுப்பது, யார் பார்சல் அனுப்புவது?

அது பெருமழை. ஆனால் சாதாரண வருஷத்திலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு பருவமழை இந்தப் பக்கத்தை விடுவதில்லை. கனமழை எச்சரிக்கை வந்தாலே அவலாஞ்சி சூழல் சுற்றுலாவை வனத்துறை மூடி விடுகிறது. சுற்றுலா பயணி வராவிட்டால் ஓட்டல், கார் டிரைவர், சாலையோர கடை எல்லாம் படுத்து விடும் என்பது ஊரறிந்த கதை. அதே மாசங்களில் சத்தமே இல்லாமல் படுக்கிற இன்னொரு தொழில் உண்டு. அதுதான் ஆன்லைன் வியாபாரம்.

டீத்தூள், வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட், தைலம், தேன், மலைக்காய்கறி, கம்பளி, தோடர் எம்பிராய்டரி என்று வீட்டில் இருந்தே படம் பிடித்து போட்டு விற்கிறவர்கள் மலையில் இப்போது ஏராளம். 2020-ல் கொரோனா ஊரடங்கில் கடை ஷட்டர் இறங்கியபோது வாட்ஸ்-அப் பக்கம் திரும்பியவர்களும் இதில் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டிக்கு வந்து போனவர்கள், "நல்லா இருந்துச்சு, இன்னும் 2 கிலோ அனுப்புங்க" என்று கேட்பார்கள். ஜூலை வந்தால் போனில் மூச்சு பேச்சே இருக்காது.

அப்போதுதான் மனசு ஆட ஆரம்பிக்கும். "நம்ம பொருள் சரியில்லையோ? வேற யாராவது விலையை குறைச்சுட்டாங்களோ? பேசாம மூடிட்டு கம்பெனி வேலைக்கு போயிடலாமா?"

செல்போனும் புறாவும்

ஆர்டர் இல்லாத நாளில் வியாபாரி அதிகம் செய்கிற வேலை, செல்போனை எடுத்து எடுத்து பார்ப்பது. 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை. சாப்பிடும்போது, படுக்கும்போது, பால் காய்ச்சும்போது கூட.

அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஸ்கின்னர், புறாக்களை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார். கொத்தினால் தானியம் விழும். ஆனால் எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாது. அப்படி வைத்தபோது புறா விடாமல் கொத்திக் கொண்டே இருந்தது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்குத்தான் மனசு ரொம்ப அலையும். ஆன்லைன் ஆர்டரும் அப்படித்தான். ஆர்டர் வராத ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன ஏமாற்றம். ஒரு நாளில் 100 தடவை பார்த்தால் 100 ஏமாற்றம். ராத்திரி தூக்கம் எங்கே வரும்?

காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அவ்வளவு போதும். மழை மாசத்தில் வாடிக்கையாளர் யாரும் 3 மணி நேரம் காத்திருக்க மாட்டேன் என்று சண்டைக்கு வரப்போவதில்லை.

மந்தமா, முடிஞ்சே போச்சா?

இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆகஸ்டு விற்பனையை மே மாத விற்பனையோடு ஒப்பிடுகிறார்கள். அது தப்பு. இந்த ஆகஸ்டை போன ஆகஸ்டோடுதான் பார்க்க வேண்டும். போன வருஷம் ஆகஸ்டில் 20 பார்சல், இந்த வருஷம் 22 என்றால் தொழில் வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மனசு மட்டும்தான் வாடியிருக்கிறது. தொடங்கி ஒரு வருஷம் ஆகாதவர்களுக்கு ஒப்பிட பழைய கணக்கு இருக்காது. அவர்கள்தான் முதல் மழைக்கே பயந்து மூடி விடுகிறார்கள். முதல் வருஷ மழைக்காலத்தை எழுதி வைக்கும் காலமாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு விஷயம். நீலகிரிக்கு மழை ஒரே மாதிரி இல்லை. மேற்கே இருக்கிற அவலாஞ்சி, குந்தா பக்கம் தென்மேற்கு மழை. கிழக்கே குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் வருகிற வடகிழக்கு மழைதான் பயம். 2009 நவம்பரில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் பலியான மண்சரிவை யாரும் மறக்க முடியாது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் தீபாவளி பார்சலும் நடுவழியில் நிற்கும். சாக்லேட்காரருக்கு கதையே வேறு. சமவெளியில் வெயில் கொளுத்துகிற ஏப்ரல், மே மாசத்தில் பார்சல் போய்ச் சேருவதற்குள் சாக்லேட் உருகி விடும். ஊட்டியில் கூட்டம் அலைமோதும்போது அவருக்கு ஆன்லைனில் மந்தம்!

ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் மந்த மாசம் வேறு, உங்கள் மந்த மாசம் வேறு. காலண்டரில் அவரவர் மாசத்தை அவரவர்தான் வட்டம் போட வேண்டும்.

தேயிலைக்காரருக்கு இது பழசு

உண்மையில் இந்த பாடத்தை சொல்லித்தர வெளியூரில் இருந்து ஆள் வரவேண்டியதே இல்லை. இத்தலார், எமரால்டு, மஞ்சூர் பக்கம் எந்த தேயிலை விவசாயியை கேட்டாலும் சொல்லி விடுவார்.

தேயிலை செடியை 4, 5 வருஷத்துக்கு ஒரு தடவை கவாத்து செய்கிறார்கள். பச்சைப் பசேல் என்று இருந்த செடி வெறும் குச்சியாக நிற்கும். சில மாசத்துக்கு அதில் ஒரு கிலோ இலை கூட பறிக்க முடியாது. அதற்காக தோட்டத்தை விற்றா விட்டார்கள்? மொத்த தோட்டத்தையும் ஒரே வருஷத்தில் வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டுகிறார்கள். வருமானம் முழுசாக நிற்காது. அதுதான் சூட்சுமம்.

குன்னூர் ஏல மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1963-ல் இருந்து இங்கே டீத்தூள் ஏலம் நடக்கிறது. 2003-ல் டீசர்வ் என்ற மின்னணு ஏல மையமும் குன்னூரில் வந்து விட்டது. நாட்டில் பாதி பேர் ஆன்லைனில் சட்டை வாங்குவதற்கு முன்பே, நம்மூர் டீத்தூள் கம்ப்யூட்டரில் விலை போனது. வாரா வாரம் ஏலம். ஒரு வாரம் விறுவிறு. அடுத்த வாரம் "பல லட்சம் கிலோ தேக்கம், கிலோவுக்கு 2 ரூபாய் சரிவு" என்று செய்தி வரும். விற்காத தூள் மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரு வாரம் விற்கவில்லை என்று எந்த பேக்டரியும் பாய்லரை அணைத்து விடுவதில்லை.

ஆனால் தேயிலையிலும் ஒரு மந்தம் வருஷக்கணக்கில் நீடித்தது. 1990-களின் கடைசியில் தொடங்கி பசுந்தேயிலை விலை அதல பாதாளத்துக்கு போனது. சிறு விவசாயிகள் குடும்பம் குடும்பமாக நொடிந்தார்கள். சிலர் செடியை பிடுங்கி விட்டு கேரட், உருளைக்கிழங்குக்கு மாறினார்கள். அவர்களை கோழை என்று யாரும் சொல்லவில்லை. பருவ மந்தத்தில் பொறுக்கலாம். சந்தையே மாறி விட்டால் மாற்றுப் பயிர்தான். இரண்டையும் குழப்பிக் கொள்ளாமல் இருப்பதுதான் கஷ்டம்.

பணக் கணக்கு

மனசு தளர முக்கால்வாசி காரணம் பாக்கெட்தான். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒருவருக்கு 5 மாசம் 30 ஆயிரம் ரூபாய் லாபம், மீதி 7 மாசம் 8 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 2 லட்சத்து 6 ஆயிரம். மாசத்துக்கு பிரித்தால் சுமார் 17 ஆயிரம். ஆனால் அவர் மே மாதத்தில் "நான் 30 ஆயிரம் சம்பாதிக்கிறவன்" என்று டி.வி.க்கு தவணை கட்ட ஆரம்பிக்கிறார். ஆகஸ்டில் தவணைக்கு நகையை அடகு வைக்கிறார். தொழில் அவரை ஏமாற்றவில்லை, மே மாதம்தான் ஏமாற்றியது.

சீசனில் எவ்வளவு வந்தாலும் வீட்டுக்கு மாசம் 15 ஆயிரம்தான் என்று தனி கணக்கில் போட்டுக்கொண்டால், மழை மாசத்திலும் அதே 15 ஆயிரம் வரும். வீட்டில் முணுமுணுப்பு இருக்காது. "என்னங்க, இதெல்லாம் ஒரு தொழிலா?" என்ற கேள்வி வராதவரை பாதி தைரியம் தானாக இருக்கும்.

தள்ளுபடி கொடுக்கலாமா?

ஆடி மாசத்தில் கல்யாணம் கிடையாது, புதுசு வாங்க மாட்டார்கள். அந்த மந்தத்தை உடைக்கத்தான் துணிக்கடைக்காரர்கள் ஆடித் தள்ளுபடியை பிடித்தார்கள். இப்போது அதுவே ஒரு சீசன் ஆகிப்போனது. கில்லாடிகள்தான்.

ஆனால் அவர்களிடம் குடோன் நிறைய பழைய சரக்கு இருக்கிறது. சின்ன வியாபாரி அதை காப்பி அடித்தால் கையை சுட்டுக்கொள்வார். கால் கிலோ டீத்தூள் 150 ரூபாய் என்று வைப்போம். அசல் 90, பெட்டியும் பார்சல் செலவும் 40. மிச்சம் 20 ரூபாய். இதில் 20 சதவீத தள்ளுபடி என்றால் 30 ரூபாய் போச்சு. பாக்கெட்டுக்கு 10 ரூபாய் நஷ்டம். ஆர்டர் குவியும், குவியக் குவிய நஷ்டமும் குவியும்! தள்ளுபடிக்கு பதில் இரண்டு, மூன்று பாக்கெட்டை ஒரே பெட்டியில் அனுப்பினால் பார்சல் செலவு மிச்சம் ஆகும். கடன் வாங்கி மந்த மாசத்தில் விளம்பரத்தில் கொட்டுவதும் இதே ரகம்தான்.

சும்மா இருந்த கையில் பிறந்த கம்பெனி

மந்தத்தை பயன்படுத்தியவர்களில் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1996-ல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம், தொலைத்தொடர்பு கம்பெனிகளுக்கு சாப்ட்வேர் விற்று வந்தது. 2001-ல் அமெரிக்காவில் அந்த துறையே சரிந்தது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் காணாமல் போனார்கள். கையில் என்ஜினீயர்கள் இருக்கிறார்கள், வேலை இல்லை. அந்த நேரத்தில் அவர்களை வைத்து புதுப்புது சாப்ட்வேர் எழுத வைத்தார் ஸ்ரீதர் வேம்பு. அதில் வளர்ந்ததுதான் இன்றைய ஜோஹோ. 2009-ல் கம்பெனி பெயரே அதற்கு மாறியது.

"அவர் பெரிய ஆள், நாம டீத்தூள் விக்கிறவங்க" என்று தோன்றலாம். அவலாஞ்சி பக்கத்திலேயே பாருங்கள். சிவப்பும் கருப்பும் நூலில் தோடர் பெண்கள் போடுகிற எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் படம் எதுவும் வரையாமல் இழையை எண்ணி எண்ணி போடுகிற வேலை. ஒரு பூத்துக்குளி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஆர்டர் வந்த பிறகு உட்கார்ந்தால் வாங்குகிறவர் காத்திருக்க மாட்டார். ஆர்டர் இல்லாத நாளில் போட்ட தையல்தான் சீசனில் காசு.

அமெரிக்காவின் ஹார்வர்டு பேராசிரியை தெரசா அமபைல், 238 ஊழியர்கள் தினமும் எழுதிய சுமார் 12 ஆயிரம் குறிப்புகளை ஆராய்ந்து 2011-ல் புத்தகமாக வெளியிட்டார். வேலையில் உற்சாகத்தை அதிகம் கொடுப்பது பாராட்டோ போனசோ இல்லையாம். இன்றைக்கு ஒரு அடியாவது நகர்ந்தோம் என்ற எண்ணம்தானாம். "இன்னைக்கு 10 ஆர்டர் வரணும்" என்பது நம் கையில் இல்லை. "இன்னைக்கு 5 பொருளுக்கு புது படம் எடுக்கணும்" என்பது நம் கையில் இருக்கிறது.

மழை மாசத்துக்கு வேலை இல்லாமலா? வெயில் எட்டிப் பார்க்கிற ஒரு மணி நேரத்தில் படம் எடுக்கலாம். உணவு பாதுகாப்பு பதிவு காலாவதி ஆகிறதா என்று பார்க்கலாம். நீலகிரியில் பிளாஸ்டிக்குக்கு கெடுபிடி என்பதால் பார்சலுக்கு அட்டைப்பெட்டியும் பேப்பரும்தான். மழையில் அது ஈரம் இழுக்கும். டீத்தூளோ ஈரம், வாசனை இரண்டையும் இழுக்கும். எந்த பேக்கிங் தாங்குகிறது என்று நாலு பெட்டியை சொந்தக்காரர் வீட்டுக்கே அனுப்பி பார்க்க இதைவிட நல்ல மாசம் கிடைக்காது. போன சீசனில் வாங்கியவர்களுக்கு போன் போட்டு, "தூள் எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்கலாம். விற்க வேண்டாம், கேட்டால் போதும்.

எப்போ நிறுத்தணும்?

ஒரு முழு வருஷம், அதாவது எல்லா பருவமும் பார்த்தாச்சு. சீசன் மாசத்திலேயே போன சீசனை விட குறைவு. பழைய வாடிக்கையாளர் யாரும் திரும்பி வரவில்லை. விசாரிக்கிற போன் கூட இல்லை. இத்தனையும் சேர்ந்தால் பொருளை மாற்றலாம், இல்லை கடையை மூடலாம். அதையும் ஆகஸ்டு மழையில், கரண்ட் இல்லாத ராத்திரியில் முடிவு செய்ய வேண்டாம். செப்டம்பரில் ஊட்டியில் 2-வது சீசன் தொடங்குகிறது. அதை பார்த்து விட்டு முடிவு செய்தால் போதும்.

அதன் பின்னாலேயே தீபாவளி. பரிசுப் பெட்டி கேட்டு ஆர்டர் வரும் நேரம். அச்சடித்த பெட்டி வேண்டும் என்றால் சிவகாசிக்கோ கோவைக்கோ ஆகஸ்டிலேயே சொல்லி வைக்க வேண்டும். அக்டோபரில் கேட்டால் அவர்கள் போனையே எடுக்க மாட்டார்கள்.