கோமறைக் கழகமும் மலையகத்தார் வாக்குரிமையும்

கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலை, எட்டியாந்தோட்டை வழியாக மேற்கே இறங்கும் பெருந்தெருவை அடுத்துள்ளது றுவான்வெல்லை. அத்தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தம் பெயர் இடம்பெற வேண்டுமெனக் கோடகன்பிள்ளை என்பார் கோரியதில் எழுந்த வழக்கு, 1953 இல் இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. பல நாடுகளுக்குப் பொதுவான ஒரு மேன்முறையீட்டு மன்று ஒரு நாட்டின் சட்டத் தனித்தன்மைக்கு எவ்வளவு இடமளிக்கலாம் என்னும் வினா, மலையகத்தாரின் வாழ்வை நேரே தொட்டது இவ்வழக்கிலேதான்.

ஒரு சமூகத்தவர்க்கு மட்டும் ஏனையோர்க்கில்லாத தடைகளை விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாகாது என்றது சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமோ எச்சமூகத்தையும் பெயர் சுட்டவில்லை. அச்சட்டத்துக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர், தம் தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்தமையைக் காட்ட வேண்டும் என்றே கூறிற்று. பார்வைக்குப் பொதுவிதிதான். ஆயின் தோட்ட வேலைக்கென அழைத்துவரப்பட்டவர் பலரின் பிறப்பிடம் தமிழகத்துச் சிற்றூர். 1949 இன் 48 ஆம் இலக்கச் சட்டம் வாக்கைப் பிரசைகளுக்கே உரியதாக்கியது. 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். 1952 இல் ஒருவருமிலர்.

மீளாய்வு அலுவலர் இச்சட்டங்களைச் செல்லாதனவெனக் கொண்டார்; உயர் நீதிமன்றம் அதனை மறுத்தது. கோமறைக் கழகமும் மறுத்தது. தன் பிரசைகள் யாவர் என வரையறுத்தல் எந்நாட்டுச் சட்டமன்றுக்கும் இயல்பான பணி என்றது. நேரே செய்யலாகாததை மறைமுகமாகவும் செய்யலாகாது என ஒப்புக்கொண்ட பின்பும், இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர்க்கு 1949 இன் 3 ஆம் இலக்கச் சட்டம் பதிவுவழி திறந்திருத்தலைக் காட்டி அமைதி கண்டது. அவ்வாயிலின் அகலம் பின்னரே தெரிந்தது: எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்காக விண்ணப்பிக்கப்பட்டது, பிரசாவுரிமை கிட்டியது ஏறத்தாழ 134,000 பேருக்கே.

இதே கழகம் 1969 இல் சியெரா லியோன் வழக்கொன்றில் வேறு முடிவு கண்டது. அங்கே சட்டம் பிரசாவுரிமையைக் கறுப்பின ஆபிரிக்கத் தந்தைவழியினர்க்கென வெளிப்படையாகவே ஒதுக்கியிருந்தது, அதனால் வீழ்ந்தது. எழுத்தில் இனம் சுட்டாத சட்டமோ இங்கு நிலைத்தது.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் நாடுகளின் விருப்புரிமைக்கு இடந்தருவதே. 1976 இன் ஹாண்டிசைட் தீர்ப்பு அதற்குச் சான்று. எனினும் 2007 இல், செக் குடியரசின் ரோமா சிறார் சிறப்புப் பள்ளிகளில் பெருவாரியாக இடப்பட்ட வழக்கில், விதியின் சொல்லை விடுத்து விளைவை எண்ணிக்கையாற் கண்டு பாகுபாடென்றது. கோடகன்பிள்ளை வழக்கில் வேண்டப்பட்டதும் அந்நோக்கே என்பது எம் கருத்து.

கோமறைக் கழக மேன்முறையீடு 1971 இல் ஒழிக்கப்பட்டது. 1972 இன் யாப்பில் 29 ஆம் பிரிவு இல்லை. எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கிய 35 ஆம் இலக்கச் சட்டம் 2003 இல் வந்தது. அதனை ஆக்கியதும் நாடாளுமன்றமே.