வைத்திய ஆராய்ச்சியும் நோயாளியும்

வைத்திய ஆராய்ச்சி என்றவுடனே நம் மனக்கண்முன் தோன்றுவன கண்ணாடிக் குழாய்களும், பூதக்கண்ணாடியும், வெண்ணிற அங்கி தரித்த ஓர் அறிஞருமே. நோயாளியோ அச்சித்திரத்தின் ஒரு மூலையில், இரத்தங் கொடுப்பவராகவும் மருந்தை உண்டு காட்டுபவராகவும் மாத்திரம் நிற்பர். எதனை ஆராயவேண்டுமென்று அவரையே வினவலாமென்னும் எண்ணம் நெடுங்காலம் பெரும்பாலோர்க்கு உதிக்கவில்லை.

இதனால் நேர்ந்த குறையை அறிய முடக்குவாதம் ஒன்றே போதும். இந்நோய் முதலியவற்றிற்குரிய மருந்துகளைச் சோதிக்குங்கால் எவற்றை அளவிடவேண்டுமென்று முடிவுசெய்ய, ஒமெராக்ட் என்னும் சர்வதேசக் குழுவினர் 1992-ஆம் ஆண்டு முதற் கூடிவருகின்றனர். வீங்கிய மூட்டுக்கள் எத்தனை, நோகும் மூட்டுக்கள் எத்தனை, வலி எவ்வளவு என்பன அவர்தம் பட்டியலில் இருந்தன. 2002-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த கூட்டத்திற்கு முதன்முறையாக நோயாளிகளும் அழைக்கப்பெற்றனர். வந்தவர்கள் வலியோடு நில்லாமல் களைப்பைப்பற்றிப் பேசினர்: உறங்கி எழுந்தாலும் நீங்காத, அன்றாட வேலையைக் கெடுக்கின்ற களைப்பு. பட்டியலில் அதற்கு இடமேயில்லை! சில ஆண்டுகளுக்குப்பின், களைப்பையும் அளவிடவேண்டுமென்று அக்குழுவினர் இசைந்தனர். மூட்டுக்களை எண்ணத் தெரிந்த பேரறிஞர்க்குப் புலப்படாதது, அந்நோயோடு வாழ்பவர்க்குத் தெரிந்திருந்தது.

வைத்திய ஆராய்ச்சியிற் செலவாகும் பொருளில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு வீணாகின்றதென்று சால்மர்ஸ், கிளாசியோ என்னும் இருவர் 2009-இல் லான்செட் பத்திரிகையில் மதிப்பிட்டெழுதினர். அவர் காட்டிய காரணங்களுள் முதலாவது, நோயாளிக்கும் வைத்தியருக்கும் வேண்டாத கேள்வியை எடுத்துக்கொள்வதே.

ஆதலின் இளம் ஆராய்ச்சியாளர்க்குக் கணிதமும் இரசாயனமும்போலவே இதுவும் கற்பிக்கப்படவேண்டும். முதலிற் கற்கவேண்டுவது காலம். கேள்வி முடிவானபின் ஒரு நோயாளியை அழைத்து ஒப்பம் வாங்குவது வெறுஞ் சடங்கு. கேள்வி கருக்கொள்ளும்போதே அவர் அருகிருத்தல் வேண்டும். அடுத்தது மொழி. இங்கிலாந்தில் அரசாங்க ஆராய்ச்சிப் பொருளுதவி வேண்டுவோர், தம் திட்டத்தைப் பாமரரும் உணரும் எளிய நடையிற் சுருக்கி வரைதல் வேண்டும். இது தோன்றுமளவு எளிதன்று. கலைச்சொற்களை நீக்கியபின் எஞ்சுவது யாதுமில்லையெனின், சிந்தனையே தெளியவில்லையென்பது வெளியாகும். (பத்திரிகைக்கு வியாசம் எழுதும் என்போன்றோர்க்கும் இச்சோதனை நன்று.)

சாஸ்திரம் பயிலாதவர் ஆராய்ச்சியில் என்ன சொல்லக்கூடுமென்று சிலர் கேட்பர். அவரைக் கணக்கிடுமாறு ஒருவருங் கேட்பதில்லையே! 2004-இல் இங்கிலாந்தில் நிறுவப்பெற்ற ஜேம்ஸ் லிண்ட் கூட்டுறவின் முறையை நோக்குக. ஒரு நோயைப்பற்றி விடைகாணாத வினாக்களைப் பலரிடமிருந்துந் திரட்டி, நோயாளிகளும், அவரைப் பேணுவோரும், வைத்தியரும் ஒரே மேசையைச் சுற்றியமர்ந்து வாதித்து, முதன்மையான பத்தினைத் தெரிந்தெடுக்கின்றனர். மருந்து வியாபாரிகளுக்கு அங்கே குரலில்லை. இத்தகைய கூட்டத்தில் வாய்பேசாதிருந்து செவிசாய்த்தலே இளைஞர்க்கு நல்ல பயிற்சியென்பது என் கருத்து.

வந்தவர்க்கு வழிச்செலவும் நேரத்திற்கேற்ற ஊதியமும் அளித்தலும், அவர் சொல்லால் திட்டத்தில் மாறியது இன்னதென்று பின்னர் அவருக்கே தெரிவித்தலும் இப்பயிற்சியில் அடங்கும். பின்னது பெரும்பாலும் மறக்கப்படுகின்றது.

ஒரு சங்கடம் மாத்திரம் தீர்ந்தபாடில்லை. நோயாளிகளைக் கலந்துகொள்ளவேண்டிய காலம் பொருளுதவி கிடைப்பதற்கு முன்னர். அதற்குரிய பணம் வருவதோ பின்னர். குறுகிய கால நியமனத்திலிருக்கும் இளம் ஆராய்ச்சியாளர் அவர்தம் வழிச்செலவிற்கு எங்கே போவர்? ஆகவே திட்டம் எழுதப்படுமுன்னரே இதற்கெனச் சிறு தொகை வழங்கும் வழக்கம் இங்கிலாந்திற் சிலவிடங்களில் ஏற்பட்டுள்ளது.